நெட்டலையில் ஹாம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

136 கிலோஹெர்ட்ஸ், 472 கிலோஹெர்ட்ஸ் என்று நெட்டலையைப் பற்றி, அதாவது அலைநீளம் மிக நீண்ட ரேடியோவைப் பற்றி, வாயைத் திறந்தாலே சக ஹாம்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ அனுப்புகிறவர்கள்) முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளில் மறுபடி மறுபடி வருவதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ஹாம் ரேடியோ என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கவில்லை. படிப்பவர் உரிமத் தேர்வு எழுதியவர் அல்லது எழுதப்போகிறவர், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சில வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது 472-ல் அனுப்பவும் செய்தேன். இப்போது மதுரைப் பக்கம் வந்துவிட்டேன், இங்கே கேட்பது மட்டும்தான்.

கேள்வி: எந்த அலைவரிசைகளைச் சொல்கிறீர்கள்?

ஹாம்களுக்கென்று உலக அளவில் ஒதுக்கியவை இரண்டு. 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒன்று, இதை 2200 மீட்டர் என்பார்கள், 2007-ல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் கிடைத்தது. 472 முதல் 479 வரை இன்னொன்று, 630 மீட்டர், 2012 மாநாட்டில் கிடைத்தது. முதலாவதின் மொத்த அகலமே 2.1 கிலோஹெர்ட்ஸ். நாம் 40 மீட்டரில் ஒரு ஆள் எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேச எடுத்துக்கொள்ளும் இடம்கூட அதில் இல்லை. அதனால் குரலில் பேசுவது என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹாம்கள் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள், இந்த அலைகளுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

தாமதம் இல்லை, துரத்திவிட்டார்கள். ஆரம்ப காலத்தில் எல்லோரும் நெட்டலையில்தான் இருந்தார்கள். 1912-ல் அமெரிக்க ரேடியோ சட்டம் வந்து, தனியார் ஆர்வலர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கியது. அந்தச் சிற்றலை எதற்கும் உதவாது என்று அப்போது பெரியவர்கள் நினைத்ததால்தான் அதைக் கொடுத்தார்கள். அதில் ஹாம்கள் கடல் தாண்டிப் பேசிக் காட்டியதும் அதையும் பங்கு கேட்க வந்துவிட்டார்கள், அது வேறு கதை. நெட்டலை கப்பலுக்கும் ராணுவத்துக்கும் போயிற்று. 500 கிலோஹெர்ட்ஸ் பல பத்தாண்டுகள் கப்பல்களின் ஆபத்து அழைப்பு அதிர்வெண்ணாக இருந்தது. 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழி ஏற்பாடு முழுதாக நடைமுறைக்கு வந்தபின் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்து, நமக்கு ஒரு சந்து கிடைத்தது. பிரிட்டன் மட்டும் அதற்கு முன்பே, 1996-ல் 73 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இடம் கொடுத்துப் பார்த்தது. 2003-ல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் 136 திறந்துவிட்டது.

கேள்வி: இந்தியாவிலிருந்து அனுப்பலாமா?

மாநாட்டில் ஒதுக்குவது ஒரு பக்கம், உங்கள் நாட்டு விதியில் உங்கள் தர உரிமத்துக்கு நேராக அந்த அலைவரிசை எழுதியிருப்பது இன்னொரு பக்கம். கையில் உள்ள உரிமத்தின் அட்டவணையில் அந்த எண் இல்லையென்றால் ஒரு மில்லிவாட்கூட அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் உரிமமே இல்லாமல் 160 முதல் 190 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு வாட்டில், எர்த் வயரையும் சேர்த்து 15 மீட்டர் ஆன்டெனாவோடு விளையாட இடம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கே முயன்று பார்க்காதீர்கள், அது அந்த ஊர் விதி.

கேட்பதற்கு அந்தக் கவலை இல்லை. நான் சொல்வேன், முதல் ஒரு வருடம் கேட்க மட்டும் செய்யுங்கள். இங்கிலாந்திலும் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பயத்தால்தான், ஆனால் பலன் கிடைத்தது.

கேள்வி: கேட்க என்ன வாங்க வேண்டும்?

ரேடியோவே வேண்டாம் என்றால் நம்புவீர்களா? கணினியின் சவுண்ட் கார்டு ஒரு வினாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கிறது, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குத் தெரியும். காதுக்குத்தான் அது கேட்காது, கண்ணுக்குத் திரையில் தெரியும். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றை மரத்திலோ பிவிசி பைப்பிலோ செய்யுங்கள், மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கிடைக்கும் எனாமல் கம்பியை நாற்பது ஐம்பது சுற்று சுற்றுங்கள், இரண்டு முனையையும் யூஎஸ்பி சவுண்ட் கார்டின் மைக் துளைக்குக் கொண்டு போங்கள். குறுக்கே இரண்டு டயோடை எதிரெதிராகப் போட்டுவிடுங்கள், இடி மின்னல் நேரத்தில் அதுதான் கார்டைக் கொஞ்சமாவது காப்பாற்றும். அலைக்கற்றையை அருவி மாதிரி ஓட விடும் இலவச மென்பொருள் ஏதாவது ஒன்றைத் திறந்தால் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடித்த பட்டை நிற்கும். தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் அது நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் உங்கள் காயிலில் கம்பி அறுந்திருக்கிறது.

கேள்வி: அது என்ன நிலையம்?

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990-ல் தொடங்கியது. விடிஎக்ஸ் என்ற அழைப்புக்குறியால் உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த நிலையத்தைத் தெரியும். நாங்குநேரி பக்கம் போகிற பஸ்ஸில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி சொல்ல இந்த அளவு தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 18 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒவ்வொரு 1.9 மீட்டர் ஆழத்துக்கும் அலையின் வலு மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறையும். அதனால் பத்திருபது மீட்டர் ஆழம் வரை ஏதோ தேறும். இதே வேலையை சிற்றலையில் செய்ய முயன்றால் ஒரு சாண் ஆழத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

செய்தி மறையாக்கம் செய்யப்பட்டது, அதில் நமக்கு ஒன்றும் இல்லை, தேடவும் வேண்டாம். வேலிப் பக்கம் போய் கோபுரத்தைப் படம் எடுக்கிற ஆசையும் வேண்டாம். நமக்கு வேண்டியது அதன் வலு மட்டும். ஒரு நாள் முழுக்க வலுவைப் பதிவு செய்து வரைபடமாகப் பாருங்கள். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் கோடு பள்ளத்தில் விழுந்து எழும். காரணம், பகலில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனிக் கூரை (ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கு) இரவில் 85, 90-க்கு ஏறிவிடுகிறது. நண்பகலில் திடீரென்று கோடு குதித்தால் சூரியனில் ஒரு வெடிப்பு நடந்திருக்கிறது. இது எங்கள் ஹாம்களின் விளையாட்டு மட்டும் இல்லை. கொல்கத்தாவில் உள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையம் இந்த விடிஎக்ஸ் அலையை வைத்தே 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் தொலைநோக்கியில் மேகம் மறைத்தால் போச்சு, இந்த நானூறு ரூபாய் காயிலுக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை.

விஜயநாராயணம் ரொம்பப் பக்கம், பட்டை அசையவே மாட்டேன் என்கிறது என்றால் 19.8-ஐப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப், ஒரு மெகாவாட். நடுவில் முழுக்க இந்தியப் பெருங்கடல் இருப்பதால் இங்கே நன்றாக வரும்.

கேள்வி: நான் செய்து பார்த்தேன், திரை முழுக்க கோடு கோடாக இரைச்சல்தான் வருகிறது.

வரும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி வாழ்க்கை இதற்குத்தான் போகும், ஒரு பத்தி அதிகமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் செல்போன் சார்ஜர், எல்ஈடி பல்பு, டிவி, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சோலார் பேனலின் பெட்டி என்று எல்லாமே சில பத்து கிலோஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை சுவிட்ச் அடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் கேட்க நினைக்கும் இடமும் அதேதான். சிற்றலையில் இவற்றின் எச்சம்தான் வரும், இங்கே அசலே வரும். முதலில் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயினை அணையுங்கள். (வீட்டில் சீரியல் ஓடாத நேரமாகப் பார்த்து.) பாதிக் கோடுகள் மறைந்தால் குற்றவாளி உள்ளே. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் அகப்படும். எங்கள் வீட்டில் மாட்டியது கொசு விரட்டிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சொருகிக் கிடந்த, யாருமே பயன்படுத்தாத பழைய சார்ஜர்.

மெயினை அணைத்தும் மறையாதது வெளியிலிருந்து, பெரும்பாலும் மின்கம்பி வழியாக, வருகிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, லூப்பை, அதாவது நீங்கள் செய்த கம்பிச் சட்டத்தை, திருப்புவது. லூப்புக்குத் தன் தட்டைப் பக்கம் பார்க்கும் திசையில் காது கேட்காது, அந்தச் செவிட்டுப் பக்கத்தை இரைச்சலுக்குக் காட்டினால் சில சமயம் மந்திரம் போட்டது போல மறையும். இரண்டு, தள்ளிப் போவது. பத்து சென்டிமீட்டர் செம்புத் தகடும் ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டரும் வைத்துச் செய்யும் மினி விப் என்ற குட்டி ஆன்டெனாவை வீட்டிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில் ஏற்றி, அங்கேயே தனி எர்த் அடித்து, கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்து சுற்று சுற்றிக் கொண்டு வந்தால் வித்தியாசம் தெரியும். எத்தனை பேர் மினி விப்பை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேலே கட்டிவிட்டு இரைச்சல் என்று புலம்புகிறார்கள்! வீட்டின் வயரிங்கே அப்போது ஆன்டெனாவின் மறுபாதி ஆகிவிடுகிறது.

136-க்கும் 472-க்கும் சவுண்ட் கார்டு போதாது, எஸ்டிஆர், அதாவது கணினி மென்பொருளோடு இயங்கும் ரிசீவர், வேண்டும். விலை குறைந்த டாங்கிள்களை நேராகச் செருகினால் 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும், அதிர்வெண்ணை மேலே ஏற்றித் தரும் அப்கன்வர்ட்டர் போட்டால் சரியாகும். அதுவும் வேண்டாம், முதலில் எப்படி இருக்கும் என்று பார்த்தால் போதும் என்றால் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கும் இணைய ரிசீவரை உலாவியில் திறந்து ஐரோப்பாவின் ராத்திரியில் 136-க்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: 2200 மீட்டர் அலைக்கு கால் அலை ஆன்டெனா என்றால் 550 மீட்டர் கோபுரம் வேண்டுமே?

வேண்டும், யாரிடமும் இல்லை. ஜெர்மனியில் 2010-ல் பட்டத்தில் கம்பியைத் தூக்கி 9 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அந்தப் பகுதிக்கு விதியே இல்லாததால் முடிந்தது. மின்கம்பி ஓடுகிற நம் தெருக்களில் கம்பி கட்டிய பட்டம் என்றால் நேராக மேலோகம்தான். மற்ற எல்லோரும் குட்டை ஆன்டெனாவில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். அதில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், இந்த ஒரு கணக்கு புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

10 மீட்டர் செங்குத்துக் கம்பி, மேலே 40 மீட்டர் கிடைக் கம்பி, ஆங்கில டி வடிவம். 137 கிலோஹெர்ட்ஸில் இதன் கதிர்வீச்சுத் தடை (ரேடியோ அலையாக வெளியேறும் பங்கைக் காட்டும் எண்) சுமார் 0.03 ஓம். தவறாகப் படிக்கவில்லை, புள்ளி பூஜ்யம் மூன்று. மண், மரம், காயில் எல்லாம் சேர்ந்து தின்னும் இழப்புத் தடை ஒரு சாதாரணத் தோட்டத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு 2000 வாட்டுக்கும் ஒரு வாட் வெளியே போகும், மீதி மண்புழுவுக்குக் கதகதப்பு. விதி அனுமதிக்கும் ஒரு வாட் ஈஐஆர்பிக்கு (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆன்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்லும் பவர்) உண்மையில் மூன்றில் ஒரு வாட் வெளியேறினால் போதும், ஏனென்றால் குட்டைச் செங்குத்து ஆன்டெனா தரையோடு சேர்ந்து மூன்று மடங்காகக் காட்டும். அந்த மூன்றில் ஒரு வாட்டுக்கே 3.2 ஆம்பியர் ஓட வேண்டும், அதற்கு 600 வாட் டிரான்ஸ்மிட்டர்.

இப்போது அதே கம்பியை 475-க்குக் கொண்டு வாருங்கள். கதிர்வீச்சுத் தடை 0.4 ஓம் ஆகிவிடும். இழப்பும் குறையும், 30 ஓம் என்று வைத்தால் ஒரு வாட் ஈஐஆர்பிக்கு வெறும் 25 வாட் போதும். அதனால்தான் யார் கேட்டாலும் 630 மீட்டரில் ஆரம்பியுங்கள் என்பேன். 136 அதற்கப்புறம்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும்: 600 வாட்டை 1200 ஆக்கக் காசு செலவழிப்பதும், இழப்பை 60 ஓமிலிருந்து 30 ஆகக் குறைப்பதும் ஒரே பலன்தான். இரண்டாவதற்கு மண்வெட்டியும் பழைய செம்புக் கம்பியும் போதும். ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலாபக்கமும் மண்ணில் ஓட்டும் நிறைய ரேடியல் கம்பிகள், பல இடத்தில் எர்த் ராடு, போர்வெல்லுக்கு இரும்பு கேசிங் இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டுவது. (புதிய போர்வெல்லெல்லாம் பிவிசி, அது எதற்கும் ஆகாது.) அப்புறம் மரம். ஆன்டெனாவை ஒட்டிப் பச்சை மரம் நின்றால் அது இழப்பைக் கூட்டும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டினால் வசதி என்று நினைப்பார்கள், கேட்பதற்குச் சரி, அனுப்புவதற்கு அந்த இரண்டு தென்னையும் உங்கள் வாட்டில் பங்கு கேட்கும்.

கேள்வி: அனுப்பும் ஆன்டெனாவோடு சேர்க்க வேண்டிய காயில் எவ்வளவு பெரியது?

மேலே சொன்ன ஆன்டெனாவின் கொள்ளளவு ஏறக்குறைய 300 பிக்கோஃபாரட். அதை ஒத்திசைவுக்குக் கொண்டுவர 475-ல் 0.37 மில்லிஹென்றி வேண்டும். அதை 160 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு 70 சுற்று சுற்றினால் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. 137-க்கு 4.5 மில்லிஹென்றி வேண்டும். அதற்கு 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் டிரம், 165 சுற்று, 150 மீட்டருக்கு மேல் கம்பி. ஐரோப்பிய ஹாம்கள் இதைக் குப்பைத்தொட்டியிலும் பக்கெட்டிலும்தான் சுற்றுகிறார்கள். உள்ளே ஒரு சிறிய காயிலைச் சுழலும்படி வைத்தால் வேரியோமீட்டர். மழை பெய்தால் ஒத்திசைவு நகரும், காற்றடித்துக் கம்பி ஆடினால் நகரும், ஆன்டெனாவின் பட்டை அகலமே இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் அந்தச் சுழலும் காயில் கட்டாயம் வேண்டும். இன்னொன்று, கருப்பு பிளாஸ்டிக்கைத் தவிருங்கள். சிலவற்றில் கரி கலந்திருக்கும், சூடாகும்.

கேள்வி: ஆபத்து உண்டா?

உண்டு. 3.2 ஆம்பியர் மேலே சொன்ன 300 பிக்கோஃபாரடில் ஓடும்போது காயிலின் மேல் முனையில் 12,000 வோல்ட் நிற்கும். 630 மீட்டரில் ஒரு வாட்டுக்கு ஆயிரம் வோல்ட், அதுவும் தொட்டால் தோல் வெந்து போகிற அளவு. நான் முதல் தடவை கட்டியபோது கம்பி முனையைச் சாதாரணக் கயிற்றில் கட்டி மரத்தோடு இழுத்துவிட்டேன். வெயில் நாளில் ஒன்றும் ஆகவில்லை. முதல் மழையில் ஆன்டெனா மின்னோட்டம் மெல்ல மெல்ல இறங்குகிறது, நான் உள்ளே உட்கார்ந்து வேரியோமீட்டரைத் திருகிக்கொண்டே இருக்கிறேன், மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "அங்க என்ன, கயித்துல ஊதுபத்தி மாதிரி புகையுது?" என்றாள். நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தி, சூடாகி, கருகி, அரை மணியில் அறுந்து கம்பி பக்கத்து வேலி மேல் விழுந்தது. அதற்கப்புறம் தூண்டில் நரம்பு, கண்ணாடி அல்லது பீங்கான் இன்சுலேட்டர், குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத உயரம். காயில் இருக்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பும் போட்டேன்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடை மழையும் ஐப்பசி கார்த்திகையும் வந்தால் நீளக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தோடு சேர்த்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

கேள்வி: டிரான்ஸ்மிட்டர் எங்கே வாங்குவது?

பெரும்பாலும் வாங்குவதில்லை, செய்வதுதான். இந்த அதிர்வெண்ணில் பவர் சப்ளைகளில் வரும் சாதாரண மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரே போதும், ஐஆர்எஃப்540 வகையில் இரண்டைப் போட்டு கிளாஸ் டி சுற்று ஒன்று செய்தால் நூறு வாட் தாராளமாக வரும். சதுர அலை என்பதால் வெளியே லோ பாஸ் ஃபில்டர் கட்டாயம், இல்லையென்றால் உங்கள் 475-இன் இரண்டாவது, மூன்றாவது மடங்குகள் மத்திய அலை வானொலி கேட்பவர்கள் தலையில் விழும்.

கேள்வி: பேச முடியாது என்றால் என்னதான் செய்கிறீர்கள்?

630-ல் காதால் கேட்கும் மோர்ஸே ஓடும், சுகமாக இருக்கும். 136-ல் சிக்னல் இரைச்சலுக்குள் புதைந்திருக்கும், அதைத் தோண்டி எடுக்க ஒரே கருவி நேரம். பத்து மடங்கு மெதுவாக அனுப்பினால் பத்து மடங்கு வாட் கூட்டியதற்குச் சமம். க்யூஆர்எஸ்எஸ் என்பது அதுதான்: மோர்ஸ்தான், ஆனால் ஒரு புள்ளி 3 வினாடி, 10 வினாடி, 60 வினாடி என்று இழுப்பார்கள், அதைத் திரையில் கோடாகப் பார்த்துப் படிக்க வேண்டும். 60 வினாடிப் புள்ளியில் வி என்ற எழுத்துக்கு 9 நிமிடம், யுவுக்கு 7, இரண்டு என்ற எண்ணுக்கு 15. இடைவெளியோடு சேர்த்து நம் நாட்டு அழைப்புக்குறியின் முன்பகுதியான வியு2 மட்டும் முடிய 37 நிமிடம். அதற்குள் சாதம் வடித்து, குழம்பு தாளித்து, சாப்பிட்டும் விடலாம். சிலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், எனக்கு அந்தத் திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டு எழுத்தாவதைப் பார்ப்பது கோலம் போடுவதைப் பார்ப்பது மாதிரி.

இப்போது பெரும்பாலானவர்கள் கணினி முறைக்கு வந்துவிட்டார்கள். 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவர் 2008-ல் வெளியிட்ட விஸ்பர் இரண்டு நிமிடத்தில் அழைப்புக்குறி, இடம், பவர் மூன்றையும் 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அனுப்பிவிடும். காதுக்குச் சுத்தமாகக் கேட்காத சிக்னலையும் அது படிக்கும். கேட்டவர்களின் கணினி இணையத்தில் தானாகப் பதிவு செய்துவிடும், காலையில் எழுந்து யார் யார் கேட்டார்கள் என்று வரைபடத்தில் பார்க்கலாம். இன்னும் மெதுவாகப் போக எஃப்எஸ்டி4டபிள்யூ இருக்கிறது, அதில் ஒரு செய்தி 2 நிமிடம், 5, 15, 30 நிமிடம் என்று நான்கு வேகம். 30 நிமிட வேகத்தில் தொனிகளுக்கு இடையே பத்தில் ஒரு ஹெர்ட்ஸ்கூட இல்லை, அதனால் உங்கள் ஆஸிலேட்டர் ஃபேன் காற்றுக்கே நகர்ந்தால் போச்சு. கணினி கடிகாரமும் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

விஸ்பருக்கு ரிசீவரை 136.0 அல்லது 474.2 கிலோஹெர்ட்ஸில், யுஎஸ்பி முறையில் (கணினித் துளை இல்லை, மேல் பக்கப்பட்டை) வையுங்கள். மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எவ்வளவு தூரம் போகும்?

ஒரு வாட்டுக்கு அட்லாண்டிக் தாண்டும். 2000-களின் தொடக்கத்திலேயே 136-ல் தாண்டியிருக்கிறார்கள். எப்போது என்பதுதான் கேள்வி. 630 மீட்டர் பகலில் தரையோடு ஊர்ந்து கொஞ்ச தூரம் போகும், ராத்திரியில் கண்டம் தாண்டும், நம் மத்திய அலை வானொலி மாதிரிதான். இடி குறைந்த குளிர்கால இரவுகள்தான் சீசன். நமக்கு மழை ஓய்ந்த தை மாசி. ஆனால் வெப்பமண்டலத்தில் இருக்கிறோம், எங்கேயாவது இடித்துக்கொண்டேதான் இருக்கும். ஐரோப்பாக்காரர் திரையில் இருக்கும் சுத்தமான கருப்புப் பின்னணியை இங்கே எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: மின்வாரியத்துக்கு இதனால் தொந்தரவு வருமா?

நல்ல கேள்வி, அமெரிக்காவில் இந்த அலைவரிசைகள் 2017 வரை இழுத்ததற்குக் காரணமே இதுதான். உயரழுத்த மின்தொடர்களில் அந்தக் கம்பி வழியாகவே ரேடியோ சிக்னல் அனுப்பி, பழுது வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் ஏற்பாடு உண்டு. இங்கேயும் உண்டு. பெரிய துணை மின்நிலையத்தைக் கடக்கும்போது லைன் நுழையும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒரு காயில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், வேவ் டிராப் என்று பெயர், அந்தச் சிக்னல் நிலையத்துக்குள் போய்க் கரையாமல் தடுப்பது. அதன் அதிர்வெண்கள் 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸுக்குள். அதனால் அமெரிக்காவில் முன்கூட்டியே மின்துறை அமைப்பிடம் இடத்தைப் பதிவு செய்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும், அப்படி சிக்னல் ஓடும் லைன் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அனுமதி இல்லை.

கேள்வி: மனிதர் அனுப்பாத சிக்னல்களும் கேட்குமாமே?

கேட்கும், அதற்கு எஸ்டிஆர்கூட வேண்டாம், நேராக ஆடியோதான். மின்கம்பி இல்லாத இடத்துக்குப் போக வேண்டும், அதுதான் கஷ்டம். பகலில் மின்னல்களின் படபடப்பு, எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. இரவில் அதே கடுகு ஒவ்வொன்றும் "டியூங்" என்று ஒரு வால் வைத்துக்கொள்ளும், டுவீக் என்பார்கள். தரைக்கும் அயனிக் கூரைக்கும் நடுவே மோதி மோதிப் போவதால் வருவது. அந்த வால் போய் நிற்கும் சுதியை அளந்தால் கூரையின் உயரமே கிடைக்கும்: 1,760 ஹெர்ட்ஸ் பக்கம் என்றால் 85 கிலோமீட்டர். விசில் போல நீண்டு இறங்கும் விஸ்லர் காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அபூர்வம். வாரணாசி, நைனிடால் பக்கம் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: கேட்பதில் உங்களுக்கு இன்னும் கிடைக்காதது எது?

சுவீடன் வார்பெரி ஊருக்குப் பக்கத்தில் கிரிமெட்டன் என்ற இடத்தில் 1920-களில் கட்டிய நிலையம் ஒன்று இருக்கிறது, அழைப்புக்குறி எஸ்ஏக்யூ, 17.2 கிலோஹெர்ட்ஸ். வால்வும் இல்லை டிரான்சிஸ்டரும் இல்லை, ஒரு பெரிய மோட்டார் சுற்றும் ஜெனரேட்டரே நேராக ரேடியோ அலையை உண்டாக்கும் அலெக்சாண்டர்சன் ஆல்டர்னேட்டர். 127 மீட்டர் கோபுரம் ஆறு. 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஜூலை 2-ஐ ஒட்டி வரும் ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளும் அதை ஓட்டி மோர்ஸில் ஒரு வாழ்த்து அனுப்புவார்கள், டிசம்பரில் நமக்கு அது மதிய நேரம்.

சிக்கல் என்னவென்றால் மதுரையில் எனக்கு ஒரே ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி விடிஎக்ஸ் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் 180 கிலோமீட்டரில். சுவீடன் 7,600 கிலோமீட்டர். மூன்று டிசம்பர் முயன்றும் சவுண்ட் கார்டு திணறியதுதான் மிச்சம். பிறகு வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். லூப்பின் செவிட்டுப் பக்கத்தை விஜயநாராயணத்துக்குக் காட்டினால் சுவீடன் அந்த அச்சிலிருந்து சரியாக 45 பாகை விலகி நிற்கிறது, 3 டெசிபல்தான் நஷ்டம். இந்தத் தடவை லூப்பைச் சுழலும் ஸ்டூலில் வைத்து, மாமனார் ஊர்த் தோப்பில், மோட்டார் ஷெட்டின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கேட்கப் போகிறேன். தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் அது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை.